சத்தம் குறைந்தால் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்

போன இதழில் ஒருவர் பேய்ப்படம் பற்றி ஒரு வரி கேட்டார். நானும் சும்மா இருக்காமல் "பேயைக் காட்டாத வரைக்கும்தான் அது பேய்ப்படம்" என்று எழுதித் தொலைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதம் வந்த கடிதம், வாட்சாப் எல்லாம் சேர்த்தால் முக்கால்வாசி இதே விஷயம். ரசப்பொடிக்கு அளவு கேட்டவர்களும் மகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நாங்கள் நாலு பேர் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் எடுத்தோம். சாலாக் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இரவு ஷூட்டிங். பேய்க்கு மேக்கப் மட்டும் முந்நூறு வெள்ளி (ரிங்கிட்). போட்டுக் காட்டினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

தம்பி, நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாவது தடவை கையில் கடிகாரத்தோடு. பையன் மோட்டாரை நிறுத்துகிறான், இறங்குகிறான், பதினெட்டாவது விநாடியில் பேய் முன்னால் வந்து நிற்கிறது. மேக்கப்பில் குறை இல்லை, முந்நூறு வெள்ளிக்கு நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் நான் பயப்படுவதற்கு நேரமே தரவில்லையே! கல்யாண வீட்டு வாசலில் கால் வைத்ததுமே பாயசத்தைக் கையில் ஊற்றி அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

ஹிட்ச்காக் என்ற இயக்குநர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து பேட்டி எடுத்தார். அதில் ஒரு மேசைக் கணக்கு வரும். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள், திடீரென்று அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவனுக்குப் 15 விநாடி அதிர்ச்சி, முடிந்தது. அதே மேசை, அதே பேச்சு, ஆனால் அடியில் குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்னாலேயே தெரியும், சுவர்க்கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவர்கள் பேசுகிற ஒவ்வொரு வெட்டிப்பேச்சும் நம் வயிற்றைப் பிசையும், முழுசாகப் 15 நிமிடம். குண்டு அதேதான், செலவும் அதேதான். நமக்கு எப்போது சொன்னார்கள் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

நம்மவர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. வீணை எஸ். பாலசந்தர் 1964இலேயே 'பொம்மை' என்ற படத்தை இந்த ஒரு முடிச்சை வைத்தே ஓட்டினார். வெடிகுண்டு ஒளித்துவைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வெறும் பொம்மை, நமக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பேய் என்று ஒன்று அதில் கிடையாது, ஆனாலும் கை வியர்க்கும்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். தினமும் பார்த்துப் பழகியதால் அந்த இடத்தின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். செம்பனையை முக்கோணக் கணக்கில் நடுவார்கள், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், எக்டருக்கு வழக்கமாக 136இலிருந்து 148 மரம். அதனால் எங்கே நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு பக்கம் நூல் பிடித்த மாதிரி ஒரு வரிசை கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் ஓடும். இவ்வளவு ஒழுங்கான இடத்தில் ஒரே ஒரு பொருள் ஒழுங்கு தவறி நின்றால் போதும். முதல் ஷாட்டில் மோட்டார் விளக்கு வெளிச்சத்தில் அந்த வரிசையை நிதானமாகக் காட்டுங்கள், ஐந்து மரம், எண்ணுகிற அளவுக்கு நிதானம். பையன் சாவியைத் தொலைத்துவிட்டுப் புல்லில் தேடிக்கொண்டே அம்மாவிடம் கைப்பேசியில் பேசட்டும். "சோறு வேணாம்மா, மாமாக் கடையில ரொட்டி சாப்பிட்டுட்டேன்" என்று ஏதாவது. மறுபடி அதே கோணம், அதே வரிசை. இப்போது ஆறு. ஆறாவதும் மரம் மாதிரிதான் நிற்கிறது, தலையில் மட்டை மட்டும் இல்லை. பையன் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்துவிட்டோம். இசை போட்டு உசுப்பாதீர்கள், காமிராவை அதன் பக்கம் இழுக்காதீர்கள், அம்மா என்ன குழம்பு வைத்தாள் என்பதைச் சொல்லி முடிக்கட்டும். மூன்றாம் தடவை காட்டும்போது மறுபடியும் ஐந்துதான்.

அப்போ ஆறாவது எங்கே போனது? அதைத் தேடி எங்கள் கண் திரையின் ஓரத்தை எல்லாம் துழாவும், பையன் குனிந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் பார்ப்போம், பார்வை அங்கே இருக்கும்போது நீங்கள் நிதானமாக உங்கள் வேலையைச் செய்யலாம். மேக்கப் கலைஞருக்கு வேலை கடைசி அரை நிமிடம்தான். அந்த முந்நூறு வெள்ளியில் பாதியை மிச்சம் பிடித்து நல்ல மைக் ஒன்று வாடகைக்கு எடுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

டிவி சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டால் எந்தப் பேய்ப்படமும் என்னைப் பயமுறுத்துவதில்லை. வீட்டுக்காரர் சிரிக்கிறார். நான் செய்வது சரிதானே?
– வாசகி, கோலகங்சார்

சரிதான் அம்மா, அவருக்கும் உள்ளூரப் பயம்தான், அதனால்தான் சிரிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் பாதிப் பயம்கூடப் போகாது. காதைப் பொத்தினால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். சினிமாக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

'ஜாஸ்' (1975) பார்த்திருப்பீர்கள், சுறா படம். படப்பிடிப்பில் அந்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துவிட்டது, அதனால் சுறாவைக் காட்ட முடியாமல் ஸ்பீல்பெர்க் தண்ணீரையும் ஆட்களின் காலையும் காட்டியே பாதிப் படத்தை ஓட்டினார். சுறா வருகிறது என்று சொல்லும் பொறுப்பு ஜான் வில்லியம்ஸின் இசைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரம் இரண்டே இரண்டு, மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிக்கும். ரொம்பப் பேர் இதைத்தான் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய களவாணித்தனமாகத் தெரிவது வேறு. இரண்டு பையன்கள் அட்டையில் துடுப்பு செய்து கடலில் விட்டு ஊரையே மிரட்டும் காட்சியில் அந்த இசை வராது. நம் காது அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது: இசை இல்லையென்றால் சுறா இல்லை, பத்திரம். இப்படி நம்மைப் பழக்கிவிட்டு, பிறகு போலீஸ் அதிகாரி படகிலிருந்து மீன் துண்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு சலித்துப் பேசும்போது, ஒரு சத்தமும் இல்லாமல் உண்மையான சுறா தலையைத் தூக்குகிறது. சொன்ன வாக்கை மீறுவதற்காகவே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

இன்னொன்று, 'தி ஷைனிங்' (1980). ஆள் இல்லாத பெரிய ஓட்டலில் ஒரு சின்னப் பையன் மூன்று சக்கர வண்டியில் சுற்றுவான், காமிரா அவன் பின்னாலேயே தரையை ஒட்டிப் போகும். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று உருளும், கம்பளம் வந்தால் சத்தம் சட்டென்று அமுங்கிப் போகும், மறுபடி மரம், மறுபடி கம்பளம். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை சத்தம் அமுங்கும்போதும் நமக்கு மூச்சு நிற்கும், அடுத்த திருப்பம் எப்போது என்று காது எண்ண ஆரம்பித்துவிடும். ஒரு தாளத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அது எப்போது தப்பும் என்ற பயத்தை நாமே தயாரித்துக்கொள்வோம்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். பொந்தியானாக் என்ற பெண் பேயைப் பற்றி நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டே, கம்பத்து (மலாய்க் கிராமத்து) ஆட்களும் சொல்வார்கள், என் பாட்டியும் லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்வாள்: குழந்தை அழுகிற மாதிரி அது குரல் கொடுக்கும், குரல் பலமாகக் கேட்டால் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, பயப்படாதே; குரல் மெல்லிசாகிக்கொண்டே போனால் பக்கத்தில் வந்துவிட்டது. நாயும் அப்படித்தான், ஊளையிட்டால் தூரம், முனகினால் பக்கம். இதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்குச் சத்தம் பயம் இல்லை, சத்தம் குறைவதுதான் பயம். ராத்திரியில் தூரத்தில் ஒரு குழந்தை அழுதால் பரவாயில்லை என்று படுத்திருப்பேன், அது அழுகையை நிறுத்தும்போதுதான் போர்வையை இழுத்து மூடுவேன். பாவம், அடுத்த லயத்துப் பிள்ளை பால் குடித்துத் தூங்கியிருக்கும்.

எந்தப் படிப்பும் படிக்காத ஒரு பால்மரம் சீவுகிற கிழவிக்கு ஒலிப்பதிவு இலக்கணம் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

படத்தில் ஒன்றுமே இருக்காது, பூனை குதிக்கும், கதவு சாத்தும். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் தூக்கிப் போடுகிறதே, ஏன்?
– வாசகர், பீடோர்

தூக்கிப் போடுவதற்கும் பயத்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். திடீர்ச் சத்தம் கேட்டால் கண் சிமிட்டும், தோள் குறுகும், கழுத்து உள்ளே இழுக்கும். நீங்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு அதைச் செய்து முடித்துவிடும், கைக்குழந்தைக்கும் வரும், போலீஸ்காரருக்கும் வரும். இருட்டிலும், ஏற்கெனவே பயந்துபோன நிலையிலும் அந்த அனிச்சை இன்னும் பலமாக வரும் என்று ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பூனை குதிப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உங்களை இருட்டில் நடக்க வைக்கிறார்கள்.

இந்தப் பூனை வித்தைக்கு மூலம் 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. இயக்கியவர் ஷாக் தூர்னர், தயாரித்தவர் வால் லூட்டன். ஒரு பெண் ராத்திரி பூங்கா ஓரமாக நடந்து வருகிறாள், பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். சற்று நேரத்தில் பின்னால் வந்த காலடி மட்டும் நின்றுவிடுகிறது. கவனியுங்கள், நின்றுவிடுகிறது, என் பாட்டி சொன்ன அதே கணக்கு. அவள் நடையை எட்டிப் போடுகிறாள், ஓடுகிறாள், விளக்குக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள், ஒரு சீறல்! பார்த்தால் பேருந்து வந்து நிற்கிறது, பிரேக் சத்தம். அன்றைக்குத் தியேட்டரில் ஆட்கள் அலறினார்கள். சினிமாக்காரர்கள் இன்றைக்கும் இந்த மாதிரிப் பொய்ப் பயத்தை 'லூட்டன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு இந்தக் காட்சி புரிந்தது கித்தாக் காட்டில்தான், ரப்பர் தோட்டத்தில். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் எடுக்கப் போவேன். வெயில் ஏறினால் ரப்பர் காய் வெடிக்கும், உங்களுக்குத் தெரியாததா? 'டப்' என்று ஒரு சத்தம், கொட்டை எங்கேயோ பறந்து போய்ச் சருகில் விழும். முதல் வெடிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு காடு முழுக்க ஒரு அமைதி வரும் பாருங்கள், அங்கேதான் விஷயம். அடுத்தது எந்தப் பக்கம், எப்போது? கையில் வாளி, மரத்தில் மாட்டிய மங்கிலிருந்து (கிண்ணத்திலிருந்து) பாலைச் சாய்த்து ஊற்றுகிறேன், காது மட்டும் மேலே கிளையில் இருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், வெடிக்கவே இல்லை. வெடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது பின்னால் அம்மா "டேய்" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள், நான் அரை வாளிப் பாலைத் தரையில் கொட்டினேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

காயும் வெடிக்கவில்லை, பேயும் வரவில்லை, அம்மாதான் வந்தாள். பஸ் மாதிரி.

இதில் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் இரண்டு தடவை இதைச் செய்தால் ரசிப்பேன், ஐந்தாவது பூனைக்கு எழுந்து போய்விடுவேன். இப்போது வருகிற படங்கள் பலவற்றில் பயமுறுத்தும் வேலையை ஒலிபெருக்கியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். காதருகே பட்டாசு வெடித்தால்கூடத்தான் தூக்கிப் போடும், அதற்கு எதற்குக் கதை?

அங்கிள், கான்ஜுரிங் எடுத்தவர் மலேசியாக்காரரா? தோழி பந்தயம் கட்டியிருக்கிறாள்.
– மாணவி, தாப்பா

உங்கள் தோழி எந்தப் பக்கம் கட்டினாள் என்று எழுதவில்லையே! ஜேம்ஸ் வான் 1977இல் சரவாக், கூச்சிங்கில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பிறந்த கணக்கில் நம்மவர், வளர்ந்த கணக்கில் அவர்கள் ஆள். பந்தயப் பணத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 2013 படத்தில் வருகிற கைதட்டல் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் பட்டப்பகலில், பிள்ளைகளோடு அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள், கைதட்டல் கேட்கும் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. அதை நமக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ராத்திரி, நிலவறைப் படிக்கட்டில் அம்மா தனியாக, கையில் தீக்குச்சி. பின்னால் கும்மிருட்டு. நமக்கு விதி தெரியும் என்பதால் கைதட்டல் வரப்போகிறது என்று உடம்பே சொல்லிவிடும். இரண்டு கை மட்டும் இருட்டிலிருந்து வந்து தட்டிவிட்டுப் போகும். முகம் இல்லை, ரத்தம் இல்லை. செலவு எவ்வளவு ஆகியிருக்கும்? மேலே குறும்படம் எடுத்த தம்பி இதையும் படித்துக்கொள்ளட்டும்.

நம் தமிழ்ப் பேய்ப்படம் ஏன் எப்போதும் காமெடியாகவே போய்விடுகிறது?
– வாசகர், சித்தியவான்

காசு. குடும்பத்தோடு, பாட்டி பேரனோடு தியேட்டருக்கு வந்து பார்க்கிற கூட்டத்துக்குப் பயமும் வேண்டும், பாட்டும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். 'காஞ்சனா' (2011) மாதிரிப் படங்கள் ஓடின ஓட்டத்தைப் பார்த்தபிறகு தயாரிப்பாளர் வேறு பாதை தேட மாட்டார். அதைக் குறை சொல்லவில்லை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிப்பு என்பது பிரஷர் குக்கர் விசில் மாதிரி, உள்ளே சேர்ந்த ஆவியை விட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் போனால் பருப்பு எப்படி வேகும்?

விசிலே போகாமல் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 'யாவரும் நலம்' (2009) எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, விக்ரம் கே. குமார் இயக்கியது. புது அடுக்குமாடி வீடு, வெள்ளை வெளேர் என்று வெளிச்சம், கலகலவென்று கூட்டுக்குடும்பம். பேய்க்கு இடமே இல்லாத வீடு. ஆனால் மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது, வேறு யாராவது ஏறினால் போகும். வீட்டில் பால் திரிந்துகொண்டே இருக்கும். மத்தியானம் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் டிவி தொடரில் நடப்பது இந்த வீட்டிலும் நடக்க ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை, லிஃப்ட் ரிப்பேர், பால் கெட்டுப்போச்சு, தற்செயல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் வயிறு கலங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் எங்கள் வீட்டில் பால் திரிந்தது. மனைவி சந்தைக்காரனைத் திட்டினாள், நான் வாயே திறக்கவில்லை.

'பீட்சா' (2012) இன்னொரு வழி. பூட்டிய பங்களா, உள்ளே மாட்டிக்கொண்டவன், கையில் டார்ச். டார்ச் வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்குத்தான் காட்டும், மிச்சம் திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில் என்ன வைக்க வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்வதில்லை, நாம்தான் செய்கிறோம், நமக்கு எது ஆகாதோ அதைத்தான் கொண்டுபோய் வைப்போம்.

முன்பு தோட்டத் திடலில் துணி கட்டிப் படம் காட்டும்போது வந்த பயம், இப்போது மகன் வாங்கி மாட்டியிருக்கும் பெரிய டிவியில் வரமாட்டேன் என்கிறதே தம்பி?
– ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சம்பளம் போட்ட வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் திடல், இரண்டு மூங்கிலில் வெள்ளைத் துணி, இடம் பிடிக்கச் சாயங்காலமே போய்ப் பாய் விரித்துக் கல் வைத்துவிட்டு வருவது, கச்சான் பொட்டலம். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் நினைவிருக்கும். படம் காட்ட வருகிறவரிடம் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் முடிந்தால் துணி வெள்ளையாகும், விளக்கை அணைப்பார், அடுத்த ரீலை மாட்டும் வரைக்கும் திடல் முழுக்க இருட்டு. ஒரு தடவை பேய்ப்படம். கதாநாயகி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறாள், சரியாக அங்கே ரீல் தீர்ந்தது.

அந்த மூன்று நான்கு நிமிடத்தை எந்த இயக்குநரும் எடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது. சுற்றிலும் ரப்பர் மரம், ஜெனரேட்டர் உறுமல், கிணற்றுக்குள் என்ன என்பதைப் பற்றி இருநூறு பேரும் அவரவருக்குத் தோன்றியதை யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஒண்ணுக்குப் போக வேண்டும், யாரும் எழுந்திருக்கவில்லை. வேலையை மேற்பார்க்கும் பெரிய தண்டல் மீசைக்காரர், அவரே பக்கத்தில் இருந்த பையனிடம் "வாடா துணைக்கு" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். ரீல் மாட்டினார், விளக்கு வந்தது, அவள் எட்டிப் பார்த்தாள், உள்ளே ஒரு பொம்மைத் தலை. திடலே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பொம்மைத் தலையைப் பார்த்தா பயந்தோம்? அதற்கு முன்னால் இருந்த இருட்டைப் பார்த்துத்தான் பயந்தோம்.

உங்கள் மகன் வாங்கிய டிவியில் அந்த நிறுத்தம் இல்லை அக்கா. அதைவிட மோசம், கையில் ரிமோட் இருக்கிறது. நிறுத்தலாம், ஓட்டலாம், எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம். பயம் வேண்டுமானால் ரிமோட்டைப் பேரனிடம் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். இருதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் நான் இதைச் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

பார்த்த படத்தையே மறுபடி பார்க்கும்போதும் பயம் வருகிறதே, கதைதான் தெரியுமே?
– வாசகர், ஈப்போ

தெரிவதுதானே காரணம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) என்றால் எல்லாரும் குளியலறைக் காட்சியைத்தான் பேசுவார்கள், ஒரு நிமிடம்கூட வராத அந்தக் காட்சியை எடுக்க ஒரு வாரம் ஆனது. அவர் முதலில் அங்கே இசையே வேண்டாம் என்றுதான் நினைத்தார், பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் இசை போட்டுக் காட்டினார், வயலின்களை அலறவிட்டு. ஆனால் அது அதிர்ச்சி. பதற்றம் என்றால் நான் காட்டுவது அதற்குப் பிறகு வருகிற மாடிப்படியை. துப்பறிகிறவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிறார். மேலே ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு படி, இன்னொரு படி, அவர் முகம் சாதாரணமாக இருக்கிறது. மேலே ஒரு கதவு விரல் அளவுக்குத் திறந்து கோடு மாதிரி வெளிச்சம் தரையில் விழுகிறது. நான் அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்றைக்கும் அந்தக் கோடு விழும்போது "ஏறாதய்யா" என்று வாய் முணுமுணுக்கிறது.

என் மகனுக்கு எட்டு வயது. அண்ணன்களோடு சேர்ந்து பேய்ப்படம் பார்த்துவிட்டு ஒரு வாரமாகத் தனியாகக் கழிவறைக்குப் போக மறுக்கிறான்.
– தாய், கம்பார்

திட்டாதீர்கள் தங்கச்சி, "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்றும் சொல்லாதீர்கள். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் காணொளி கிடைத்தால் மடியில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஜப்பானிய 'ரிங்கு' (1998) படத்தில் டிவியிலிருந்து வெளியே வருகிற பேய் விநோதமாக நடக்குமே, அந்த நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து, படத்தை முன்பின்னாக ஓட்டினார்கள், அதனால்தான் அந்த நடை நம் கண்ணுக்கு ஒட்டவில்லை. (படத்தைக் காட்ட வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.) அவனையே பின்னோக்கி நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் எடுத்து முன்பின்னாக ஓட்டிக் காட்டுங்கள். தான் பேயாக நடப்பதைப் பார்த்தால் சிரிப்பான். அதுவரைக்கும் கழிவறை விளக்கு எரியட்டும், கரண்டு பில் ஒன்றும் ஏறிவிடாது.

கடைசியாக ஒன்று அண்ணே: செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் ஷூட்டிங் நடத்தியபோது நிஜமாகவே தலைக்கு மேலே ஏதோ அலறியது. ஒலிப்பதிவில் இருக்கிறது. இரண்டு பேர் இனிமேல் வரமாட்டோம் என்கிறார்கள்.
– அதே கல்லூரி மாணவர்

தம்பி, அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். அது கூகை. எலி செம்பனைப் பழத்தைத் தின்று அழிப்பதால் தோட்ட நிர்வாகங்களே கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகையை வளர்க்கின்றன. பகலில் போய்ப் பாருங்கள், நீங்கள் காமிரா வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பெட்டி இருக்கும். மலாய்க்காரர்கள் ஆந்தைக்கு 'பூரோங் ஹந்து', பேய்ப்பறவை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். இது மற்ற ஆந்தை மாதிரிக் குடுகுடுக்காது, கிறீச்சென்று துணி கிழிகிற மாதிரிக் கத்தும். பறக்கும்போது இறக்கைச் சத்தமே கேட்காது, அதனால் கத்தும் வரைக்கும் தலைக்கு மேலே இருப்பது தெரியாது.

அந்த அலறலை அழித்துவிடாதீர்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் பேய் வரும் இடத்தில் போட வேண்டாம். பையன் சாவி தேடும்போது தூரத்தில் இரண்டு தடவை கேட்கட்டும், அம்மா போனில் "என்னடா அது சத்தம்" என்று கேட்கட்டும், அவன் "ஆந்தைம்மா" என்று சொல்லட்டும். ஆறாவது மரம் காணாமல் போகும்போது மட்டும் அந்தச் சத்தமும் நிற்கட்டும். வரமாட்டோம் என்கிற அந்த இரண்டு பேரையும் பகலில் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டுங்கள். இந்தத் தடவை நிர்வாகத்திடம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், டார்ச் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். அங்கே பாம்பு உண்டு, அதற்கு எந்தப் பின்னணி இசையும் வராது.